சத்தமில்லாமல் இறங்கச் சொன்ன செலின் அக்கா

செய்தி வந்தபோது நான் சுண்ணாம்புத்தூள் வாளியோடு மைதானத்தில் நின்றேன். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்காக ஓடுபாதைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். தொலைபேசியில் அன்ரன் அண்ணையின் பெயர் தெரிந்தது. செலின் அக்காவின் கணவர் அவர். வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். பள்ளிக்கூட நேரத்தில் அவர் எனக்கு ஒருநாளும் எடுத்ததில்லை.

"வதனி, செலின் போயிட்டா," என்றார். "தேத்தண்ணி கேட்டவ. ஊத்திக்கொண்டு வந்து பாக்கிறன், கதிரையில இருந்தபடியே போயிட்டா. கஸ்ரப்படேல்லை. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

அன்று பிற்பகல் பள்ளிமுனையில் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்துப் பந்தலின் கீழ் ஆண்களுக்கு இடமில்லாத அளவுக்குப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். எல்லாம் இளம் பெண்கள். இடுப்பில் குழந்தையோடு சிலர், வேலை முடிந்து கந்தோரிலிருந்து நேரே வந்த சிலர், தாராபுரத்திலிருந்து முக்காட்டோடு வந்த சிலர். கோயிற்சபைப் பெரியவர் ஒருவர் அன்ரன் அண்ணையிடம் மெல்லக் கேட்டார்: "இவ்வளவு பொம்பிளைப் பிள்ளையளும் ஆர்? செலினின்ர சொந்தக்காரரோ?" அந்தத் துக்கத்திலும் அன்ரன் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் அவவிட்டக் காலைக் காட்டின பிள்ளையள்," என்றார்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அந்தப் பிள்ளைகள்தான். உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் நாளைக்கு இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சிலவற்றை எழுதுகிறேன்.

செலின் அக்கா இயன்மருத்துவர். பயிற்சியாலும் கையாலும் உடம்பை மறுபடி இயங்கவைக்கிற தொழில். ஊருக்கு அவர் 'பிசியோ மிஸ்'. பள்ளிமுனையில் பிறந்து, கொழும்பில் படித்து, யுத்த காலம் முழுவதும் அங்கேயே வேலை செய்தவர். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும், எல்லாரும் மன்னாரிலிருந்து கொழும்புக்கு மாற்றம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் கொழும்பிலிருந்து மன்னாருக்கு மாற்றம் கேட்டார். ஏன் என்று யாராவது விசாரித்தால், "கொழும்பில மீன் சரியில்லை," என்பார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததில்லை.

அதே காலத்தில்தான் எங்கள் குடும்பமும் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து பெருநிலத்திலுள்ள பாப்பாமோட்டைக்குத் திரும்பியிருந்தது. அப்பா பற்றை மண்டிக் கிடந்த வயலை வெட்டித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். நான் மன்னார் நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து, நாள்தோறும் பஸ்ஸில் பாலம் கடந்து தீவுக்குப் போய் வந்தேன். பாடசாலையில் ஒரு வலைப்பந்து இருந்தது. வளையம் ஒன்றுதான் இருந்தது. பிள்ளைகளுக்கு ஆசை மட்டும் குறைவில்லாமல் இருந்தது. பள்ளிமுனைப் பிள்ளைகளும், புத்தளத்திலிருந்து தாராபுரத்துக்குத் திரும்பிவந்த முஸ்லிம் பிள்ளைகளும், எங்கள் பக்கத்து வயற்காட்டுப் பிள்ளைகளும் ஒரே அணியில் விளையாடினார்கள்.

அக்காவை நான் முதலில் சந்தித்தது ஒரு கணுக்காலின் பொருட்டு. எங்கள் பிள்ளையொருத்தி பந்துக்கு ஓடிக் காலைப் பிரட்டிக்கொண்டாள். தாய் அன்றிரவே எண்ணெய் சுடவைத்து நன்றாக உருவிவிட்டிருந்தார். விடிந்தபோது கால் பப்பாசிப்பழம் போல வீங்கியிருந்தது. தாயையும் பிள்ளையையும் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். செலின் அக்கா தாயைக் குறை சொல்லவில்லை. "எண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனா காயப்பட்ட உடனை உருவக்கூடாது, சூடும் காட்டக்கூடாது அம்மா. உள்ளுக்குக் கசியிறது கூடிப்போம். ஐஸ்தான் வைக்கோணும்," என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை. அவர் அன்ரன் அண்ணைக்கு ஒரு அழைப்பு எடுத்தார். மீன்வாடியிலிருந்து ஒரு பை நிறைய உடைத்த ஐஸ் வந்து சேர்ந்தது.

"மிஸ், மீன் மணக்குது," என்று பிள்ளை மூக்கைப் பொத்தினாள்.

"மீன் பழுதாகாம இருக்கிறதுக்கு வைச்ச ஐஸ். உன்ர கால் அந்த மீனை விட விலை கூட. பேசாம இரு."

துணியில் சுற்றி ஐஸ் வைத்து, பட்டி கட்டி, காலை உயர்த்தி வைத்தார். வீக்கம் வற்றியதும் அத்தோடு விட்டுவிடவும் இல்லை. "ஒருக்காச் சுளுக்கின கால் திரும்பவும் சுளுக்கப் பாக்கும். அதுக்கு நிதானம் பழக்கோணும்," என்று பல்லுத் தீட்டும்போது ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். பிறகு அன்ரன் அண்ணையைக் கொண்டு, பழைய வள்ளப் பலகையில் கீழே உருண்டைக் கட்டை வைத்து, ஏறி நின்றால் ஆடுகிற பலகைகள் செய்வித்தார். அவை எங்கள் பாடசாலை விறாந்தைக்கு வந்தன. இடைவேளையில் பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறினார்கள். விழுந்தவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது.

அடுத்த ஆண்டு ஒரு திட்டத்தின் மூலம் எங்களுக்குச் சீமெந்து ஆடுகளம் கிடைத்தது. கோடுகள் வெள்ளையாகப் பளிச்சிட்டன. மாவட்டத்தில் அப்படி ஒன்று வேறு பெண்கள் பாடசாலைக்கு இல்லை என்று எங்களுக்குப் பெருமை தாளவில்லை. திறப்புவிழாவுக்குச் செலின் அக்காவையும் அழைத்திருந்தேன். கேக் சாப்பிட்டு முடித்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுகளத்துக்கு நடுவே போய், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு துள்ளல் துள்ளினார். கனத்த உடம்பு அவருக்கு. விருந்தினர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் வந்து காதுக்குள் சொன்னார்: "வடிவான இடம் வதனி. ஆனா மண் மன்னிக்கும். இது மன்னியாது. பிள்ளையளைக் கவனம் பாருங்கோ."

அந்த அணியில் றெஜினா என்றொரு பிள்ளை இருந்தாள். பள்ளிமுனைக் கடற்தொழிலாளி ஒருவரின் மூத்த மகள். றெஜி என்றுதான் கூப்பிடுவோம். பந்து எந்த உயரத்தில் வந்தாலும் மேலேயே பிடித்துவிடுவாள். அவளை நம்பித்தான் நாங்கள் மாகாண மட்டப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தோம். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் ஓட முடியாது. இறங்கிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஒரு பயிற்சியின்போது றெஜி எகிறிப் பந்தைப் பிடித்து, ஒற்றைக்காலில் இறங்கி, அந்தக் காலிலேயே திரும்பினாள். யாரும் அவளில் முட்டவில்லை. முழங்காலுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கும் அது கேட்டது. றெஜி கத்தவில்லை. பந்தைக் கையில் பிடித்தபடியே கீழே இருந்துவிட்டாள்.

வீட்டார் அவளை முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். மூலிகைப் பற்றுப் போட்டுக் கட்டினார்கள். வீக்கம் வற்றியது. நடந்தாள், படியேறினாள், பாடசாலைக்கும் வந்தாள். சுகமாகிவிட்டது என்று எல்லாரும் நம்பினோம். மாகாணப் போட்டிக்கு முன் செலின் அக்காவிடம் ஒருதரம் காட்டிவிடுவோம் என்றுதான் தகப்பனையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலை மடித்து, கெண்டைக்காலை இரு கையாலும் பிடித்து முன்னுக்கு இழுத்தார். மற்றக் காலையும் அப்படியே செய்து பார்த்தார். பிறகு காயப்பட்ட காலை இன்னொருதரம். அவருடைய முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது.

தகப்பனைப் பார்த்துத்தான் பேசினார். "அண்ணை, முழங்காலுக்குள்ள ஒரு நார் இருக்கு. வள்ளத்துக்கு நங்கூரக் கயிறு மாதிரி. அது அறுந்துபோச்சு."

"நல்லா நடக்கிறாளே பிள்ளை?"

"கடல் அடிக்காட்டி, கயிறு அறுந்த வள்ளமும் நிண்ட இடத்தில நிக்கும். காத்து வந்தால்தானே தெரியும்? நேர நடக்கேக்க காத்தில்லை. ஓடித் திரும்பேக்க, பாய்ஞ்சு இறங்கேக்க, அப்பதான் காத்து. வைத்தியர் வீக்கத்துக்குச் செய்தது பிழையில்லை. உள்ளுக்கு அறுந்ததை வெளியால கட்டேலாது. ஒப்பரேசன் செய்துதான் கட்டோணும்."

றெஜி எழுந்து உட்கார்ந்தாள். "மிஸ், இந்த ஒரு மட்ச். முடிஞ்சோடனை நீங்கள் என்ன சொன்னாலும் செய்யிறன்."

"இந்த ஒரு மட்சில உள்ளுக்கிருக்கிற சவ்வும் கிழிஞ்சா, பிறகு நான் சொல்லுறதுக்கு ஒண்டும் இருக்காது மோனை. மாட்டன்."

தகப்பனுக்குப் போட்டியைப் பற்றிய கவலையில்லை. சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஒப்பரேசன் எண்டு போனா, கால் ஏலாத பிள்ளை எண்டு பேர் வந்திடும். நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்க..."

"மாப்பிள்ளை முழங்காலைப் பாக்கவோ வாறவர்?" என்றார் அக்கா. "அப்பிடி முழங்காலைத்தான் பாக்கிறவர் எண்டா, தையல் போட்ட முழங்கால் எவ்வளவு நல்லா வேலை செய்யுதெண்டு நான் வந்து காட்டுறன்."

தகப்பன் சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை. அந்தச் சிரிப்போடு பாதிக் காரியம் முடிந்தது.

மாகாணப் போட்டிக்கு றெஜி இல்லாமல் போனோம். முதற்சுற்றிலேயே தோற்றோம். ஆடுகளத்து ஓரத்தில் வாங்குப் பலகையில் அமர்ந்து பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தபடி அவள் அழுததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சில பெற்றோருக்குச் செலின் அக்காவில் கோபம். "ஒரு மட்ச் விளையாடினா என்ன செத்தா போவாள்?" என்று அவருடைய முகத்துக்கு நேரேயே ஒருவர் கேட்டார். "சாகமாட்டாள். அதுக்குத்தான் பயப்பிடுறன். இன்னும் அறுபது வருசம் அந்தக் காலிலதானே நடக்கப்போறாள்," என்றார் அவர்.

சத்திரசிகிச்சை கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நடந்தது. தகப்பனுக்குச் சிங்களம் தெரியாது, கொழும்பும் புதிது. செலின் அக்கா லீவு போட்டுக்கொண்டு கூடவே போனார். தன்னுடைய பழைய சிநேகிதியின் வீட்டில் அவர்களைத் தங்கவைத்தார். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து முழங்காலுக்குள் வைத்துக் கட்டுவார்கள் என்று வைத்தியர் சொன்னதைத் தகப்பனுக்குத் தமிழில் விளங்கப்படுத்தினார். தகப்பன் யோசித்துவிட்டு, "பழைய வலையில நூல் எடுத்துப் புது வலை பொத்துறது மாதிரி," என்றாராம். அந்த வசனத்தை அக்கா பிறகு தன்னுடைய நோயாளிகள் எல்லாருக்கும் சொன்னார். "இது றெஜியின்ர அப்பா சொன்னது" என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துத்தான் சொல்வார்.

அதன் பிறகு வந்ததுதான் நீண்ட வேலை. முதலில் காலை நேராக நீட்டப் பழக வேண்டும். முழங்காலின் கீழே துவாயைச் சுருட்டி வைத்து அதை அழுத்த வேண்டும். பிறகு கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்ப வேண்டும். காயம் ஆறியதும் கடல். பள்ளிமுனைக் கரையில் தண்ணீர் ஆழமில்லாமல் வெகுதூரம் போகும். கடலுக்குப் போய் வந்த தகப்பன் வலையை இறக்கிவைத்துவிட்டு, மகளோடு இடுப்பளவு தண்ணீரில் அங்குமிங்கும் நடப்பார். கரையில் செலின் அக்கா ஒரு கையில் கடித்த வாய்ப்பன் பலகாரத்தோடு நின்று, "குதிக்கால் முதல்ல! குதிக்கால்!" என்று கத்துவார். காலைப் பூசை முடிந்து வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அடுத்தது கோயிற்படி. ஏறுவதை விட இறங்குவதுதான் கடினம் என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

எப்போது விளையாடலாம் என்று றெஜி கேட்காத கிழமையில்லை. "என்னட்டத் திகதி கேக்காதை. காலைக் கேள்," என்பார் அக்கா. ஒற்றைக்காலால் பாய்ந்து, நல்ல கால் எவ்வளவு தூரம் போகிறதோ அந்த அளவுக்குக் காயப்பட்ட காலும் போகும்வரை அனுமதியில்லை. நிலத்தில் கரித்துண்டால் கோடு போட்டு இரண்டையும் ஒப்பிடுவார். கோடுகள் நெருங்கிவந்தன, ஆனால் ஒன்றாகவில்லை.

அந்த இடைவெளியில் கோயில் திருநாள் வந்தது. மச்சாள்மார் கரப்பந்து விளையாடியபோது றெஜியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்த நாள் முழங்கால் வீங்கியிருந்தது. அதை ஒளிக்க அவள் நினைத்திருந்தால் ஒளித்திருக்கலாம். அவளே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னாள். நானும் அங்கே இருந்தேன். பெரிய பேச்சு ஒன்று வரப்போகிறது என்று காத்திருந்தேன். செலின் அக்கா முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். நார் உறுதியாக இருந்தது. ஐஸ் வைத்தார். பிறகு, "வந்து சொன்னியே, அது காணும்," என்றார். றெஜி அழத் தொடங்கினாள். காயப்பட்ட அன்றுகூட அழாதவள்.

அன்று என்னைப் பஸ் நிலையத்தில் இறக்குவதற்கு அக்கா ஸ்கூட்டரில் கொண்டுபோனார். வழியில் சொன்னார்: "யுத்தம் முடிஞ்ச நேரம் எங்களை முகாமுக்கு வேலைக்கு அனுப்பினவை. ஒரு அம்மா, பாதம் உடைஞ்ச காலோட எவ்வளவோ தூரம் நடந்து வந்தவ. நோகுதோ எண்டு கேட்டன். 'இதென்ன நோ' எண்டா. அவவை நான் என்னெண்டு குறை சொல்லுறது? ஆனா இந்தப் பிள்ளையளும் அதையே பழகிட்டுதுகள் வதனி. எங்க கேட்டாலும் 'ஒண்டுமில்லை மிஸ்'. நோகுது எண்டு சொல்லுறது முறைப்பாடில்லை. அது செய்தி. செய்தி வராட்டி நாங்கள் என்னத்தைச் செய்யிறது?"

முகாமைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நானும் அப்படியொரு முகாமில் இருந்தவள்தான்.

றெஜிக்கு வந்தது இன்னொருத்திக்கு வரக்கூடாது என்று அவர் கிழமையில் இரு நாள் எங்கள் பாடசாலைக்கு வரத் தொடங்கினார். பையன்களை விடப் பெண் பிள்ளைகளுக்கு இந்த நார் அறுவது கூட என்று அவரிடம்தான் அறிந்தேன். இடுப்பின் அமைப்பு, இறங்கும்போது முழங்கால் உள்ளுக்குச் சரிவது, தொடையின் பின்பக்கத் தசைக்குப் பலம் போதாமை என்று பல காரணங்களைச் சொன்னார். "படிச்சவையே இன்னும் முழுசா ஒத்துக்கொள்ளேல்லை. ஆனா ஒண்டு தெரியும். பழக்கினாக் குறைக்கலாம்," என்பார். விளையாட முன் உடம்பைச் சூடாக்கும் நேரம் முழுவதையும் அதற்கென மாற்றினோம். குந்தி எழும்புவது, பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, கடைசியாகப் பாய்ந்து இறங்குவது. முழங்கால் மடிய வேண்டும், பெருவிரலுக்கு நேரே நிற்க வேண்டும், உள்ளுக்கு விழக்கூடாது. இதையெல்லாம் பிள்ளைகளுக்கு அவர் ஒரே வசனத்தில் சொன்னார்: "சத்தம் கேக்கக்கூடாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருப்பார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் பாய்வார்கள். 'தொம்' என்று கேட்டால், "ஆர் அந்தப் பனங்காய்?" என்பார். அந்த ஆண்டு முழுவதும் எங்கள் பாடசாலையில் பனங்காய் என்பது ஒரு பட்டப்பெயர். ஒருநாள் அவர் கண்ணைத் திறந்து, "என்ன, ஒருத்தரும் பாயேல்லையோ?" என்றார். அணி முழுவதும் பாய்ந்து முடித்திருந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் அதிபர் கந்தோரை விட்டு வெளியே வந்துவிட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு பேசிய நாட்களும் உண்டு. ஓடும்போது போடவேண்டிய உள்ளாடை, மாதவிடாய், இரத்தச்சோகை என்று எங்கள் வீடுகளில் வாய் திறவாத விடயங்கள். எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் மீன் விலை பேசுவது போலப் பேசினார். தாராபுரத்து ஷிபானா நன்றாக ஓடுவாள். வலைப்பந்திலும் களைக்காமல் நிற்பாள். அவளுக்குக் கெண்டைக்கால் எலும்பில் நோ வந்து, ஓய்வு எடுத்தும் மாறவில்லை. அக்கா அவளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தபோதுதான், பல மாதங்களாக மாதவிடாய் வரவில்லை என்பது தெரிந்தது. ஷிபானா அதை நல்லதென்று நினைத்திருந்தாள். பயிற்சிக்குத் தடங்கல் இல்லையே.

"அது லாபமில்லை பிள்ளை," என்றார் அக்கா. "சாமான் வந்து சேராட்டி உடம்பு ஒவ்வொரு கடையாப் பூட்டும். முதல்ல இதைப் பூட்டியிருக்கு. அடுத்தது எலும்பு. காலமை என்ன சாப்பிடுறனி?"

அவள் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. வீடு அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. தாய் விடியமுன் கல்லுக்கும் மண்ணுக்கும் நிற்க வேண்டியிருந்தது. மகளும் கூட நின்று உதவிவிட்டுத்தான் பாடசாலைக்கு வருவாள். அக்கா வைத்தியரிடம் அனுப்பி இரத்தம் சோதிப்பித்தார். எலும்பில் மெல்லிய வெடிப்பு இருப்பது தெரிந்து ஓட்டத்தை நிறுத்தினார். பிறகு தாயைச் சந்திக்கத் தாராபுரத்துக்கே போனார். அங்கே போய் உபதேசம் செய்யவில்லை. பாதிச் சுவருக்குப் பக்கத்தில் கல்லில் அமர்ந்து தேத்தண்ணி குடித்து, வீடு எந்தத் திசைக்கு வாசல் என்று கதைத்து, எழும்பும்போது, "உங்கட மகள் ஓடுற ஓட்டத்துக்குக் காணிற எண்ணெய் நாங்கள் விடுறேல்லை," என்றார். அந்தத் தாய்க்கு விளங்கிவிட்டது. அடுத்த கிழமை ஒரு பெட்டி பேரீச்சம்பழம் பாடசாலைக்கு வந்தது, ஷிபானாவுக்கு மட்டுமல்ல, அணிக்கே. அன்றிலிருந்து பயிற்சிக்கு முன் அவித்த கடலையோ முட்டையோ இரண்டு பேரீச்சம்பழமோ இல்லாமல் எங்கள் பிள்ளைகள் ஓடியதில்லை. மாதங்கள் சென்று ஷிபானா என் காதில் ஒரு செய்தி சொன்னாள். நான் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "கடை திறந்திட்டுதோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் அங்கே நின்ற நோயாளிகள் திகைத்திருப்பார்கள்.

றெஜி திரும்ப விளையாடியது பெரிய போட்டியொன்றில் அல்ல. பெருநிலத்துச் சின்னப் பாடசாலை ஒன்றோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம். அதற்கு முதற்கிழமை கரிக்கோடுகள் இரண்டும் ஒன்றாகியிருந்தன. செலின் அக்கா வருவார் என்று கதிரை போட்டு வைத்திருந்தோம். அவர் வந்தார், ஆனால் கதிரையில் இருக்கவில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய், ஆடுகளத்துக்கு முதுகு காட்டி நின்றார். எத்தனையோ முழங்கால்களை மடித்து நிமிர்த்தியவருக்கு அந்த ஒரு முழங்காலைப் பார்க்கத் துணிவில்லை. நான் அருகில் போய் நின்றேன்.

பந்து உயரத்தில் வந்தது. பிள்ளைகள் "றெஜி!" என்று கத்தினார்கள். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இறங்கிட்டாளோ?"

"இறங்கிட்டாள் அக்கா."

"எப்பிடி?"

"இரண்டு காலிலயும். நல்லா மடிச்சு."

ஒவ்வொரு முறையும் கேட்டார், ஒவ்வொரு முறையும் சொன்னேன். நேரம் செல்லச் செல்லப் பிடி தளர்ந்தது. கடைசிக் கால்பகுதியில் மெல்லத் திரும்பி, தாங்கியின் ஓரத்தால் எட்டிப் பார்த்தார். றெஜி பந்தைப் பிடித்து, இறங்கி, எறிந்துவிட்டு ஓடுவதைப் பார்த்தார். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை கத்தியது அவர்தான். நாங்கள் தோற்றோம். யார் வென்றது என்று அவர் கேட்கவுமில்லை. வாசலில் நின்ற ஐஸ்பழக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு அணிக்கும் வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகும் எங்களிடம் ஒரு பிள்ளைக்கு முழங்கால் நார் அறுந்தது; சுளுக்குகளும் வராமல் இல்லை. பழக்கினால் குறையும் என்றுதான் அவர் சொன்னார், வராது என்று சொல்லவில்லை. குறைந்தது. வந்தபோது யாரும் பயந்து ஒளிக்கவுமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவர் பின்னேரங்களில் அன்ரன் அண்ணையோடும் அயலவர்களோடும் முன்னூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடினார். சீட்டில் துணிந்து கள்ளம் செய்வார். பிடிபட்டால் இன்னும் சத்தமாகச் சண்டை பிடிப்பார். சென்ற ஆண்டு பாரிசவாதம் வந்து இடப்பக்கம் சோர்ந்தது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை செய்யும் றெஜி, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்து அவருக்குப் பயிற்சி செய்விக்கத் தொடங்கினாள். பிழையாகச் சொன்னால் திருத்த ஆசிரியை முன்னாலேயே இருந்தார். ஆனால் அவரைப் போல மோசமான நோயாளி உலகத்தில் இருந்திருக்க மாட்டார். செய்யாததைச் செய்தேன் என்பார். சுவரைப் பிடிக்காமல் நடக்கச் சொன்னால் சுவரோடு சாய்ந்து நிற்பார்.

"காணும் மோனை. நோகுது."

"எங்க நோகுது எண்டு சொல்லுங்கோ, பாப்பம்."

செலின் அக்கா அன்ரன் அண்ணையைப் பார்த்தார். "பாத்தீங்களோ? தப்பேலாது," என்று சிரித்துவிட்டு அடுத்த அடி வைத்தார். இந்த மாசி மாதம் அவர் தடியோடு கடற்கரைவரை நடந்தார். நானும் அன்று கூட இருந்தேன். ஈர மண்ணில் நின்று, "பொய் சொல்லக்கூடாது, அவள் நல்லாத்தான் பழக்கியிருக்கிறாள்," என்றார். நிறைவாக வாழ்ந்து, அதைத் தானும் அறிந்திருந்த ஒருவரின் முகம் அது. அந்த முகத்தைத்தான் நான் பெட்டிக்குள்ளும் பார்த்தேன்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அவர் கேள்வி கேட்கும் விதம். நின்றுகொண்டு அவர் ஒரு பிள்ளையிடமும் விசாரித்ததில்லை. எவ்வளவு கனத்த உடம்பானாலும் நிலத்தில் அமர்ந்து, பிள்ளையின் முகத்துக்குக் கீழே தன் முகம் வரும்படி பார்த்து, ஒருதரம் கேட்பார். பிறகு வாயைத் திறக்க மாட்டார். அந்தப் பொறுமை என் இயல்பில் இருந்ததில்லை. அவரைப் பார்த்துப் பார்த்து வந்தது.

அடக்கம் முடிந்து மறுநாள் பயிற்சியை நிறுத்துவோமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கடலை தின்று முடித்து எல்லாரும் ஓடத் தொடங்கியபோது, இந்த ஆண்டு பாப்பாமோட்டையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு சின்னப் பிள்ளை வரிசையை விட்டு வெளியே வந்தாள். செலின் அக்காவை அவள் கண்டதில்லை.

"மிஸ், நான் இண்டைக்கு ஓடேல்லை. எனக்கு நோகுது," என்றாள், எல்லாருக்கும் கேட்க.

ஒருவரும் சிரிக்கவில்லை. வாங்கில் இருந்தவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்தேன்.

"எங்கயம்மா?"

அவள் யோசித்தாள். நான் காத்திருந்தேன்.